பெரியம்மாவின் பூவை முறித்த நாள்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. வெளியே தூறல். வழக்கமான நகர ரயிலில் பிராங்பேர்ட்டிலிருந்து வந்து, தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இறங்கி, வாயிற்காவலரிடம் அடையாள அட்டையைக் காட்டினேன். உடுப்பு மாற்றும் அறையில் தோடு, காப்பு, கைக்கடிகாரம் மூன்றும் பெட்டிக்குள் போயின. தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்று சேர்ந்த வருடமே சொல்லிவிட்டதால், அது மட்டும் கழுத்துவரை பூட்டிய மேலங்கிக்குள் இருந்தது. தலைமுடியை மூடினேன், கையுறை போட்டேன், அறைகளைச் சுற்றத் தொடங்கினேன். முதலில் வெட்டுத்துண்டுகள் வேர்விடும் அறை, அடுத்து தாய்ச்செடிகள், அடுத்து இளஞ்செடிகள், கடைசியாகப் பூ முற்றிய அறைகள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கக்கூடாது. முற்றிய பூவில் இருக்கும் நோய் உங்கள் சட்டைக் கையில் ஏறிப் பச்சைக் குழந்தைகளிடம் போய்ச் சேரும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ரோஜாவிலும் வெள்ளரியிலும் பல வருடம் வேலை செய்து, தோட்டக்கலையில் மாஸ்டர் தேர்வும் முடித்து, பிறகுதான் இந்த மருத்துவக் கஞ்சா மண்டபத்துக்கு வளர்ப்புப் பொறுப்பாளராக வந்தேன். முழங்கால்கள் ஒத்துழைக்காததால் கொஞ்சம் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டேன். விளக்கு, நீர், உரம் எல்லாம் வேலை விதிகளில் இருக்கின்றன, அவற்றைப் படியுங்கள். விதியைக் காக்கவேண்டியவரே அதை மீறச் சொல்லும்போது என்ன செய்வது என்பது அங்கே இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். நான் கோபமாக எழுதுவதுபோல் தோன்றினால், சரியாகத்தான் தோன்றுகிறது.

கோபத்துக்கு வெளியே பஞ்சமில்லை. கொலோனில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன தங்கச்சி, இப்ப கஞ்சா யாவாரமாம்?" என்றார்.

"மருந்துக்கடைக்கு அனுப்புறது அண்ணை. உங்கட பிறஷர்க் குளிசையும் அங்கதான் விக்கிறாங்கள்."

அவர் அதற்குப் பிறகு பாயசத்தைப் பற்றி மட்டுமே பேசினார். அவரை நான் மன்னித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் மண்டபத்துக்குள்ளேயே, எல்லாம் தெரிந்த ஒருவர் அதை மருந்தாக நினைக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் சரக்காக நினைத்தாரே, அதை மன்னிக்க என்னால் இன்றுவரை ஏலவில்லை.

அவர் எங்கள் நிலைய மேலாளர். தாவர அறிவியல் படித்தவர், நோய்களைப் பற்றி என்னைவிட அதிகம் வாசித்தவர். அறியாமை என்ற சாக்கு அவருக்கு இல்லை.

பிரச்சினை ஒரு கலப்பினச் செடியில் தொடங்கியது. அதற்கு விற்பனைப் பிரிவு ஒரு பளபளப்பான பெயர் வைத்தது. மண்டபத்துக்குள் அதன் பெயர் பெரியம்மா. வைத்தவன் சுதன், என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பொடியன். பொடியன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

"அக்கா, இது எங்கட பெரியம்மா மாதிரி. சீலை உடுத்து வெளிக்கிட நேரமெடுக்கும். ஆனா வெளிக்கிட்டு வந்தா முழுச் சபையும் திரும்பிப் பாக்கும்."

சரியாகத்தான் சொன்னான். பெற்றோரில் ஒன்று உயரமாக வளர்வது, மெல்லிய இலை, பூ முற்றுவதற்கு ஆறுதலாக நேரம் எடுப்பது. அதன் பூ தளர்வானது, காற்று உள்ளே போய் வெளியே வரும். மற்றது குட்டையானது, அகன்ற இலை, சீக்கிரம் முற்றுவது, பூ முஷ்டி மடக்கினதுபோல் இறுக்கமானது. இரண்டையும் கலந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று விதை விற்றவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டின் தீமையும் சேர்ந்து வரலாம் என்று யாரும் எழுதவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு பக்கத்திலிருந்து நீண்ட பூக்காலமும் மறு பக்கத்திலிருந்து இறுக்கமான பூவும் வந்து சேர்ந்தன. யோசித்துப் பாருங்கள். காற்றுப் புகாத ஒரு பூ, மற்றப் பூக்கள் எல்லாம் அறுவடையாகிப் போன பிறகும் செடியிலேயே நின்று, தன் ஈரத்தைத் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு முற்றுகிறது. சாம்பல் பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

கலப்பின விதைகள் முளைத்தபோது ஒன்றுபோல் ஒன்று இருக்கவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே முகமாகவா இருக்கிறார்கள்? அவற்றிலிருந்து ஒன்றைத் தாய்ச்செடியாகத் தெரிவு செய்யவேண்டும். பிறகு அதிலிருந்து வெட்டும் துண்டுகள் அறை முழுவதும் அதே செடியாக நிற்கும். தளர்ந்த பூவுள்ள, பார்ப்பதற்குச் சாதாரணமான ஒன்றை நான் காட்டினேன். மருந்துச் சத்தில் அது மற்றதற்குக் குறைவில்லை. மேலாளர் தடித்த பூவுள்ளதைக் காட்டி, "படத்தில் இதுதான் எடுப்பாக இருக்கும்" என்றார். நோயாளி படத்தையா மூச்சில் இழுக்கப்போகிறார்? கேட்டேன். சிரித்தார். அவர் காட்டிய அந்தப் பெரியம்மாவே தாயானாள். விதையில் பிழை இருந்தால் ஒரு செடி போகும். தாயில் பிழை இருந்தால் அறையே போகும். தாயைத் தெரிவு செய்யும் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

அந்தக் கோடையில் அவர் இன்னொரு விதி கொண்டுவந்தார். நடைவழியிலும் ஒவ்வொரு பூ அறையின் கதவிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டது: பூக்களைப் பார்வையால் மட்டும் சோதிக்கவும், முறிக்கவேண்டாம். முறித்த பூ முழுப்பூவாக விற்காது என்பது காரணம். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்கு விளங்கவேண்டும். சாம்பல் பூஞ்சணம் வெளியே இருந்து தொடங்குவதில்லை. தடித்த பூவின் நடுத்தண்டில் தொடங்கி வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். முற்றிய அறையில் அங்கங்கே மிகத் தடித்த பூவைப் பிளந்து பார்க்காமல் அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. பிளக்காதே என்று சொல்வதும், கண்டுபிடிக்காதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

சுதன் அந்தத் தாளைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டான். பிராங்பேர்ட்டில் நாங்கள் இருவரும் சாமான் வாங்கும் தமிழ்க்கடையிலும் இதே மாதிரி ஓர் அறிவித்தல் இருக்கிறது: வெண்டிக்காயை முறிக்கவேண்டாம். கடைக்காரர் என்னைப் பெயர் சொல்லியே ஏசியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கத் தெரியாது. டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்.

"அக்கா, உங்களுக்குத்தான் எழுதி ஒட்டியிருக்கு. கடைக்காரரும் இவரும் ஒண்டுவிட்ட சகோதரமோ தெரியேல்லை." அன்றிலிருந்து சுதனுக்கு மேலாளர் கடைக்காரர்தான்.

நவம்பர் 12 அன்று ஆறாம் அறையில் பெரியம்மா முற்றி நின்றாள். அடுத்த நாள் அறுவடை. கதவைத் திறந்ததும் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு அழகு, வெள்ளி பூசினதுபோல் பிசின் மினுங்கியது. நடு வரிசையில் ஒரு பெரிய பூவிலிருந்து ஒரே ஒரு சின்ன இலை மட்டும் வாடி, மஞ்சளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல், வெண்ணெயில் குத்திய ஈர்க்குப்போல் கையோடு வந்தது. நல்ல பூவில் இலை அப்படி வராது.

கதவில் இருந்த தாள் எனக்கு நினைவில்தான் இருந்தது. பூவை இரண்டு கையாலும் பிடித்து முறித்தேன். நடுத்தண்டு கபில நிறமாக இளகியிருந்தது, சுற்றிலும் சாம்பல் தூள். பக்கத்துச் செடியில் வாடிய இலை இல்லை. அதையும் முறித்தேன். அதே சாம்பல். என் பின்னால் வந்திருந்த சுதன் பகிடி எதுவும் விடவில்லை. "அம்மாடி" என்று மட்டும் சொன்னான்.

மேலாளரிடம் போனேன். ஜேர்மன் மொழியில் நடந்த பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

"எத்தனை செடி?" என்று கேட்டார்.

"முறித்தது இரண்டு. இரண்டும் அழுகல்."

"முறிக்கவேண்டாம் என்று எழுதியிருந்ததே."

அழுகல் என்று சொன்னதற்கு அவருடைய முதல் பதில் அதுதான். பிறகு சமாதானமாகப் பேசினார். மொத்த வியாபாரிக்கு நாள் சொல்லியாயிற்று, கண்ணுக்குத் தெரியும் கெட்ட பூவை வெட்டி எறியுங்கள், மற்றது காயட்டும், எப்படியும் கதிர்வீச்சுக்குப் போகிறதுதானே, பரிசோதனையில் கிருமி எண்ணிக்கை எல்லைக்குள் வந்துவிடும்.

புதியவர்களே, இதை நிதானமாக வாசியுங்கள். மருத்துவப் பூவைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது வழக்கமான, சட்டம் அனுமதித்த முறை. எனக்கு அதில் பிணக்கு இல்லை. நல்ல பூவிலும் காற்றில் வந்த கிருமி இருக்கும், அதைக் குறைப்பதற்காகத்தான் அது. அழுகினது என்று தெரிந்த பூவைக் கழுவி எடுக்க அல்ல. கதிர் பூஞ்சணத்தைக் கொல்லும். செத்த பூஞ்சணம் எங்கே போகும்? பூவுக்குள்தான் கிடக்கும், அது விட்டுப்போன நஞ்சு இருந்தால் அதுவும் கிடக்கும். நோயாளி அதைச் சூடாக்கி மூச்சோடு உள்ளே இழுக்கிறார். அவர்களில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் உண்டு, உடலில் எதிர்ப்புச் சக்தியே இல்லாதவர்கள் உண்டு. மருந்து என்று நம்பி இழுக்கிறார்கள். இவ்வளவும் அவருக்குத் தெரியும். தெரிந்த வாயால்தான் எண்ணிக்கை எல்லைக்குள் வந்துவிடும் என்றார்.

திரும்பி வரும் வழியில் ஷாஹிதா என்னை மறித்தார். அவர் தரக் கட்டுப்பாட்டில் புதிதாகச் சேர்ந்தவர், திருநெல்வேலிப் பக்கம், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு முடித்தவர். அறுவடைக்கு முன் ஆறாம் அறையில் மாதிரி எடுக்கவேண்டியது அவருடைய பொறுப்பு.

"அக்கா, ஒரு நிமிஷம். சார் இப்ப கால் பண்ணார். சாம்பிள் முதல் ரெண்டு வரிசைல மட்டும் எடு, டைம் இல்லைன்னு சொல்றார். அந்த ரெண்டும் காத்து வர்ற பக்கம். ரூல்படி ரூம் முழுக்க ரேண்டமாதான எடுக்கணும்?"

"ஓம். அப்பிடித்தான் எடுக்கவேணும்."

"தெரியும்க்கா. ஆனா எனக்கு ப்ரொபேஷன் இன்னும் முடியல. வேலை போச்சுன்னா விசா போச்சு. உம்மாவ வரச் சொல்லியிருக்கேன், டிக்கெட் போடப் போறேன்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஓர் அழுக்கும் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது அந்த இடத்தில்தான். அந்த மனிதர் எனக்கு நேரே உத்தரவு போட்டால் நான் பதில் சொல்வேன். அவர் அதைச் செய்யவில்லை. மண்டபத்திலேயே காலூன்ற இடமில்லாத ஆளைத் தேடிப்பிடித்து, பொய்யை அவருடைய கையால் செய்விக்கப் பார்த்தார். நாளை ஏதும் பிழைத்தால், மாதிரி எடுத்தவர் ஷாஹிதா. இந்த வித்தையை எல்லா வேலைத்தலத்திலும் காண்பீர்கள். கெட்ட உத்தரவு எப்போதும் கீழ் நோக்கி ஓடி, மறுக்க முடியாதவரிடம் போய்த் தேங்கும்.

'நீதிக்காக நில்' என்று ஷாஹிதாவிடம் சொல்வது சுலபம். விசா என்னுடையதாக இல்லாதபோது மிகவும் சுலபம். நான் அகதியாக வந்தவள். கையில் கடதாசி இல்லாமல் ஒருவர் வீரம் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"பிள்ளை, நீர் ஏலாது எண்டும் சொல்ல வேண்டாம், ஓம் எண்டும் சொல்ல வேண்டாம். போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா வாரும்."

"எவ்ளோ லேட்டா வரணும்?"

"நான் கதவில ஒரு அட்டை கொழுவுற அளவுக்கு."

வளர்ப்புப் பொறுப்பாளருக்கு ஓர் அதிகாரம் உண்டு. சந்தேகம் வந்தால் ஓர் அறையைச் சிவப்பு அட்டை போட்டு நிறுத்தலாம். அந்த அட்டையை எடுக்க மேலாளரால் முடியும், ஆனால் எடுக்கும் காரணத்தை அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முன் அறை நிறுத்தப்பட்டால், கேள்வி ஷாஹிதாவை விட்டு மேலே போய்விடும். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான். சுமையை, அதைத் தூக்கச் சம்பளம் வாங்குகிறவரின் தோளில் வைத்தேன்.

அட்டை தொங்கிய செய்தி போனதும் மேலாளர் ஆறாம் அறைக்கு வந்துவிட்டார். ஷாஹிதாவும் மாதிரிப் பைகளோடு வந்து நின்றார்.

"இதை எடுங்கள்," என்றார் மேலாளர்.

"நீங்களே எடுக்கலாம். காரணத்தை எழுதிவிட்டு."

"இரண்டு செடிக்காக ஓர் அறையையே நிறுத்துவதா? நீங்கள் தேடித்தேடிக் கெட்டதை முறித்திருக்கிறீர்கள்."

"அப்படியானால் நீங்கள் தெரிவு செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த, படத்தில் எடுப்பாக இருக்கக்கூடிய ஒன்று. நான் முறிக்கிறேன்."

உள்ளே போனோம். அவர் செடிகளைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. அந்தக் கை நீளாததில் எனக்கு எல்லாம் விளங்கியது. உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது ஷாஹிதா பேசினார். அவருடைய ஜேர்மன் என்னுடையதைவிடச் சுத்தம். "செடியைத் தெரிவு செய்யவேண்டாம். ஓர் எண் சொன்னால் போதும். வரிசை, செடி. நான் மாதிரி எடுக்கும் முறையும் அதுதான்."

எண் சொல்ல மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "முதல் வரிசை, நான்கு," என்றார் மேலாளர்.

முறித்தேன். உள்ளே பச்சை. சுத்தமான, வாசனையான, நல்ல பூ. மேலாளரின் தோள்கள் இறங்கின. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் தவறாகக் கணித்துவிட்டேனோ என்ற நினைப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பூ நல்லதாக இருந்தால் அறை நல்லது என்று ஆகாது என்று தெரிந்திருந்தும் வந்தது.

"இன்னொன்று சொல்லுங்கள். நடு வரிசையில்," என்றார் ஷாஹிதா.

மேலாளர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏதாவது ஓர் எண்," என்றார் ஷாஹிதா மறுபடியும்.

சொன்னார். முறித்தேன். அந்தப் பூ விரல்களுக்கிடையில் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே வெள்ளி, உள்ளே சாம்பல். மூன்றாவது எண்ணை யாரும் கேட்காமலே கடைசி வரிசையில் சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியாது, ஒருவேளை தன் அதிர்ஷ்டத்தை இன்னொருமுறை பார்க்க நினைத்திருக்கலாம். அதுவும் சாம்பல்.

அவர் அட்டையைத் தொடவில்லை. வெளியே போனார். அந்த அறையின் பூ முழுவதும் அழிப்புக்குப் போவது உறுதியானது. ஒரு பையும் மருந்துக்கடைக்குப் போகாது.

என் கோபம் அங்கே முடிந்திருக்கலாம். பிற்பகல் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. நிலையத்தின் சமரசமற்ற தரப் பண்பாட்டினால், நிர்வாகம் நேரடியாக மேற்கொண்ட, முன்தெரிவு இல்லாத எழுந்தமானச் சோதனையில், ஓர் அறையின் குறைபாடு உரிய நேரத்தில் கண்டறியப்பட்டதாம். கீழே அவருடைய பெயர்.

சுதன் வாசித்துவிட்டு, "அக்கா, முறிச்சது அவராம். உங்கட கையுறையை அவருக்கு வாடகைக்கு விட்டனீங்களோ?" என்றான்.

ஷாஹிதா சிரிக்கவில்லை. "எண் சொன்னது அவர்தானக்கா. அது உண்மைதான," என்றார். சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு அதன் கெட்டித்தனம் உறைத்தது. தன் பெயரில் பெருமை எடுத்துக்கொண்ட ஒரு சோதனைக்காக, அதைச் செய்த பெண்ணை அவரால் இனி வெளியே அனுப்ப முடியாது. அனுப்பவும் இல்லை. ஷாஹிதாவின் தகுதிகாண் காலம் முடிந்தது, உம்மா வந்து பனியைப் பார்த்துவிட்டுப் போனார். உங்களில் பலருக்கு இன்று மாதிரி எடுக்கப் பழக்குவது அந்த ஷாஹிதாதான்.

ஆனால் மின்னஞ்சலில் ஒரு வரி இல்லை. முறிக்கக்கூடாது என்ற விதியை நீக்குகிறோம் என்ற வரி. வேலை முடிந்து போகும்போது நடைவழியில் பார்த்தேன். அந்தத் தாள் ஒட்டினபடியே இருந்தது. ஏழாம் அறைக் கதவிலும் இருந்தது. ஏழாம் அறையில் இருந்ததும் பெரியம்மாதான், அதே தாயின் துண்டுகள், முற்றத் தொடங்கிய பூக்கள். முறித்துக் கண்டுபிடித்ததற்கு அவருக்குப் பாராட்டு வேண்டும், மற்றவர்கள் முறிக்கவும் கூடாது. ரயிலில் ஏறி இறங்கும்வரை என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை. உடுப்பு மாற்றி, தலைமுடியை மூடி, கையுறை போட்டேன். அன்று மட்டும் வேர்விடும் அறைக்கு முதலில் போகவில்லை. நேரே ஏழாம் அறைக்குப் போனேன். அதற்குப் பிறகு முழு உடுப்பையும் மறுபடி மாற்றிக்கொண்டு சுற்றைத் தொடக்கத்திலிருந்து நடந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், நீங்கள் என்னிடம் பிழையான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக்கூடாது. கதவில் இருந்த தாளை ஒரு மூலையில் பிடித்து உரித்தேன். மடித்துக் குப்பையில் போட்டு, கையுறையை மாற்றினேன். உள்ளே போய், நடு வரிசையில், எல்லாவற்றிலும் தடித்த, எல்லாவற்றிலும் அழகான பூவைத் தேடிப் பிடித்தேன்.

சுதன் பின்னால் வந்து நின்றான். கதவின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு நிழல் அசைந்து நின்றது.

"அக்கா," என்றான் மெல்ல. "கடைக்காரர் பாக்கிறார்."

"பாக்கட்டும்," என்று முறித்தேன்.